நிற்கத் தெரிந்த வண்டி

என் வீட்டுக்காரர் பிஸ்கட் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு பெல்ட்டின் ஓரத்திலும் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி, பெல்ட் உடனே நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால்தான் அன்றைக்கு பிஸ்கட். நிற்காவிட்டால் முதலாளியே வந்து சொன்னாலும் ஓட விடமாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஓட்டத் தெரிவது பெரிசில்லை, நிறுத்தத் தெரிய வேண்டும் என்று வகுப்பெடுப்பார். இதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் துடைப்பது நான்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் என்னை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் மெத்தை வண்டியில் மோதினார்.

மழை இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே நாய்கூட வரவில்லை. சிக்னலில் ஒரு சின்ன லாரி நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்து, உள்ளே கூரை வரைக்கும் புது மெத்தை. இவர் எனக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஃபாக்டரியில் ஓவன் பார்க்கிற பையனைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று, பேசி வைத்த பெண் தானே கிளம்பி ஃபாக்டரி வாசலுக்கே வந்துவிட்டாளாம். "வாட்ச்மேன் அவளைப் பாத்துட்டு என்ன பண்ணான் தெரியுமா" என்று தலையைக் கொஞ்சம் திருப்பினார். அப்புறம் பின்சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதுதான் எனக்கு ஞாபகம்.

அவர் நேராகப் போய் மெத்தையில் முகம் புதைத்தார். தூங்கப் போகிறவர் மாதிரி. ஒரு கீறல் இல்லை. நான் பக்கவாட்டில் ரோட்டில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற அந்த எலும்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மெத்தையில் விழுந்தவர் அவர், தரையில் விழுந்தவள் நான். எங்கள் குடித்தனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

நான் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். கத்தரிக்கோல் பிடிக்கிற கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டால் என்ன வேலை செய்ய முடியும்? வீட்டில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் கதை அளப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் கதை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பிரேக் இன்னும் கொஞ்சம் மோசமாகிக்கொண்டே போனது. அவருடைய அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் பெரியவர், முன்னால் இருக்கிற பொய்ப்பற்களை நாக்கால் நெம்பிக்கொண்டே, பிரேக் சரியில்லாவிட்டால் தம்பி என்ன செய்வான் பாவம் என்றார். எலும்பு முறிந்தவள் நான் இருக்க, பாவம் பார்க்கப்பட்டவர் இவர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷம் அதே பிரேக்தானே? அன்றைக்குக் காலையில் மட்டும் அது கோபித்துக்கொண்டு போய்விட்டதா? எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"அந்த வண்டி ஒழுங்கா நிக்கிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்."

நான் திட்டியது அவரை. அவர் எடுத்துக்கொண்டது வண்டியை.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியதும் நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அதில் எனக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால், அப்போது ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வீம்பு அப்படி. உண்மையைச் சொன்னால், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அந்த வண்டியில் மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் அவருக்கு டிவி, எனக்கு அடுப்பு, அப்புறம் தூக்கம். காலையில் அவர் ஃபாக்டரிக்குப் போகிற வழியில் என்னைக் கடையில் இறக்கிவிடுவார். சாயங்காலம் ஏற்றிக்கொள்வார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். என் அம்மா போன பிறகு நான் அழுததும் அந்த முதுகுக்குப் பின்னால்தான். குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொன்னதற்கு அவர் பதில் சொன்னதும் அப்படித்தான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல, நாம ரெண்டு பேரு இருக்கோம்ல" என்று. நேருக்கு நேர் என்றால் அவருக்கு அந்த வாக்கியம் வாயிலேயே வந்திருக்காது.

இப்போது அது போயிற்று. ஓவன்காரன் கதையும் பாதியில் நின்றது. வாட்ச்மேன் என்ன பண்ணினான்? கேட்டால் நான் தோற்றுப்போனதாக ஆகிவிடும். கேட்கவில்லை.

அவர் வண்டியைச் சரி பண்ணத் தொடங்கினார். மெக்கானிக்குக்கு எங்கள் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான். ஆனால் இவர் போய் பிரேக்கை நன்றாக ஆக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் அவனுக்கு எல்லாமே 'இன்றைக்கு' என்று ஆனது. முதலில் பிரேக் பேட் மாற்றினார்கள். பிறகு, பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஓஸ் அழுத்தும்போது உப்பிக்கொள்கிறது, பாதி பலம் அதிலேயே போய்விடுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே ஸ்டீல் கம்பி பின்னிய ஓஸ் வந்தது. அதற்கு ஏற்ற பிரேக் ஆயில் வந்தது. எல்லாமே முன்சக்கரத்துக்குத்தான். நிற்பதில் முக்கால்வாசி வேலை முன்பிரேக்குடையது, பின்னால் இருப்பது சும்மா துணைக்கு என்று 'நாளைக்கு' விளக்கினானாம். இவர் தலையாட்டினாராம்.

ஒவ்வொன்று மாற்றும்போதும் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. ஃபீல் என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிரேக் பிடித்தால் மட்டும் போதாதாம், எவ்வளவு பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டுமாம், அதுதான் ஃபீலாம். பழைய பிரேக்கில் ஃபீல் இல்லை, புதிதில் இருக்கிறது. ஒரு நாள் என்னைக் கீழே பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், கைப்பிடியில் இருக்கிற முன்பிரேக் லீவரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. சாணை பிடித்த கத்தரிக்கோல் மாதிரி தளர்ச்சி இல்லாமல் கைக்கு அடங்கியது.

"வர்றியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

உடனே போய், முன்சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க்கையே பெரிதாக்கினார். அதைப் பிடிக்கிற காலிப்பர் புதிது, கைப்பிடியில் ஆயில் டப்பாவோடு லீவர் புதிது. சோபா மாற்ற வைத்திருந்த பணம் அது. வண்டியோ எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. சீட்டில் கிழிசல், டாங்க்கில் ஒடுக்கு, முன்னால் மட்டும் பந்தயக்காரன் வண்டி மாதிரி பளபளப்பு. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்பது இதுதான். புது டிஸ்க்குக்குத் துருப்பிடிக்காமல் இருக்க மேலே கறுப்பாக ஒரு பூச்சு இருந்தது. ஓட்டிப் பிடித்து, ஓட்டிப் பிடித்துத்தான் பேட்டும் டிஸ்க்கும் பழகும், அப்போது இந்தக் கறுப்பெல்லாம் போய் வெள்ளி மாதிரி ஆகிவிடும், அது உங்கள் வேலை சார் என்று 'நாளைக்கு' சொல்லி அனுப்பியதை இவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலமானால் பார்க்கிங்கில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து லீவரை அழுத்துவார், விடுவார். அழுத்துவார், விடுவார். மேல்வீட்டு அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குக் கை மரத்துப்போகிற வியாதியா, எக்சர்சைஸ் பண்ணுகிறாரே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

என் வீம்பு உடைந்தது பஸ்ஸில். ஒரு காலையில் சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னலோரம் நான். கீழே பார்த்தால் பக்கத்தில் இவர். என்னைக் கவனிக்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தார், வாய் அசைந்துகொண்டிருந்தது. பாட்டு என்று முதலில் நினைத்தேன். இவருக்குப் பாட்டு வராதே. அப்புறம் பார்த்தால், தலையைக் கொஞ்சம் திருப்பி, எனக்குச் சொல்வாரே அதே மாதிரி, பின்சீட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பின்சீட்டு காலி. ஒரு காலி சீட்டுக்குக் கிடைக்கிற கதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் வார விடுமுறை. சும்மா ஒரு சுற்று போய் வரலாமா என்று நானே கேட்டேன். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு ஹெல்மெட் எடுக்க மேலே ஓடினார். நான் கீழே வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இத்தனை செலவு பண்ணிய அந்தப் புகழ்பெற்ற டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

கறுப்பாக இருந்தது. கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. ஓரத்தில் மட்டும் நூல் அளவுக்கு ஒரு வெள்ளிக் கோடு. இத்தனை நாள் ஃபாக்டரிக்குப் போய் வந்த வண்டி. பின்னால் போய்ப் பார்த்தேன். பின்டயர் நடுவில் மொட்டைத் தலையாகத் தேய்ந்திருந்தது. துணி வெட்டுகிறவளுக்கு ஒரு தேய்மானத்தைப் பார்த்தால் போதும், போட்டவன் எப்படி நடப்பான் என்று தெரியும். இந்த மனிதர் முன்பிரேக்கைத் தொட்டதே இல்லை.

அவர் ஹெல்மெட்டோடு வந்தார். நான் டிஸ்க்கைக் காட்டினேன்.

"இது ஏன் இன்னும் கறுப்பா இருக்கு?"

முதலில் 'நாளைக்கு' மட்டமான டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, பழக நாளாகும் என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே பேசிப் பழக்கமில்லாத மனிதர் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. வண்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்குப் புரிந்தது. நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஸ்டாண்டில் இருக்க, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார்.

சின்ன வயசில் அண்ணன் பெரியவரும் இவரும் ஒரே சைக்கிளில் போயிருக்கிறார்கள். பெரியவர் ஓட்ட, இவர் பின்னால். இறக்கத்தில் பெரியவர் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். சைக்கிள் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பெரியவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் விழுந்ததை இவர் பின்னாலிருந்து பார்த்தார். முன்பல் அன்றைக்குப் போனதுதான். அவர்கள் அப்பா அன்று மாலையே சைக்கிளின் முன்பிரேக்கைக் கழற்றி வீசிவிட்டு, இந்த வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, சட்டம் மட்டும் போகவில்லை. அந்த வீட்டு ஆம்பிளைகள் எல்லோரும் இன்று வரைக்கும் காலால்தான் நிறுத்துகிறார்கள்.

"அப்ப எதுக்கு இதெல்லாம் வாங்குனீங்க?"

"நல்ல பிரேக்கா இருந்தா தைரியம் வந்துடும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"நிக்கிறப்ப வருது," என்றார். "ஓடுறப்ப வரல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தொடாத பிரேக்கின்மேல்தானே இத்தனை நாள் ஊரெல்லாம் பழி சொன்னார்? பெரியவர் வேறு வந்து பாவம் பார்த்துவிட்டுப் போனார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். முதுகு அசையவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு விரல் லீவர்மேலதான் இருந்துச்சு. மெத்தை வண்டிய பாத்ததும் கை தானா போயிடுச்சு. ஆனா அழுத்தல. அழுத்தினா அண்ணன் மாதிரி நீ பறந்துடுவேன்னு தோணுச்சு. நான் மட்டும் இருந்தா அந்த ஆபத்துக்கு அழுத்தியிருப்பேன்."

நான் பறந்துவிடக் கூடாது என்று என்னைத் தரையில் போட்டிருக்கிறார். அவரை ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. தோள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. அந்த முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபாக்டரிக்கு விடுங்க என்றேன்.

விடுமுறையில் லாரி ஏற்றுகிற முற்றம் காலியாகத்தான் இருக்கும். வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டு, லீவு நாளில் என்ன சார் என்று கேட்டான். பிரேக் டெஸ்ட் என்றார் இவர். அவன் ஆச்சரியப்படவில்லை. அவனுக்குத் தெரிந்த வரையில் இவர் வேலையே அதுதான். நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பெண்ணை என்ன பண்ணினான் இவன்?

முற்றத்துக்கு நடுவில் போனதும் இவர், நீ இறங்கி ஓரமாக நில், நான் தனியாகப் பழகிவிட்டு வருகிறேன் என்றார். இத்தனை மாதம் வா வா என்று கூப்பிட்டவர். பிரேக்கை நிஜமாகவே பிடிக்கப்போகிறார் என்றதும் இறங்கு என்கிறார். நான் இறங்கவில்லை. ஆபத்தென்று வந்தால் தனியாக இருக்கும்போது இவர் அழுத்திவிடுவார், அதுதான் அவரே சொன்னாரே. நான் பின்னால் இருக்கும்போது அழுத்த வேண்டும்.

"சிவப்புப் பொத்தான அழுத்திப் பாக்காம பெல்ட்ட ஓட விடுவீங்களா?"

வண்டி கிளம்பியது. நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகம். சுவர் தூரத்தில் இருக்கும்போதே இவர் விரலை நீட்டி லீவரைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. வண்டி அது பாட்டுக்குப் போனது. பதறிப்போய்க் காலால் மிதித்து நிறுத்தி, பாத்தியா, பிடிக்கவே இல்லை என்றார். தடவிக்கொடுத்தால் பிடிக்குமா, அது என்ன கன்னுக்குட்டியா என்றேன். மறுபடியும் போனோம். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தினார், கொஞ்சம் மெதுவானது. கறுப்புப் பூச்சு தேயத் தேய, சறசறவென்று ஒரு சத்தம் கேட்டது. போனோம், பிடித்தார். போனோம், பிடித்தார். என் கை அவர் இடுப்பைச் சுற்றியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால் அவர் மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

எத்தனையாவது தடவையோ, வேகம் நல்ல வேகம். இரண்டு விரல் லீவரில் இறங்கியது. முன்பக்கம் அமுங்கியது, என் ஹெல்மெட் போய் அவர் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டியது. வண்டி நின்றுவிட்டது. சறுக்கவில்லை, கத்தவில்லை, யாரும் பறக்கவில்லை. அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். பிறகு திரும்பி, முகத்துக்கு நேராகவே என்னைப் பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றேன்.

குனிந்து பார்த்தோம். டிஸ்க் வெள்ளி மாதிரி ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து பழையபடி வண்டியில்தான் வேலைக்கு. இப்போது அவருக்கு ஃபீல் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பச்சை விளக்கு எப்படியும் மஞ்சளாகும் என்று முன்கூட்டியே நிற்கிறார். காக்காய்க்கு நிற்கிறார். பறந்து போகிற பிளாஸ்டிக் பைக்கு நிற்கிறார். நடைபாதையில் சும்மா நிற்கிறவர்களுக்கு நிறுத்தி, போங்கள் என்று கையைக் காட்டுகிறார். அவர்களும், இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாரே என்று வேலை இல்லாமலே ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் டொக். ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி, "பாத்தியா?" பஸ்ஸெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போகிறது.

ஓவன்காரன் கதையும் முடிந்தது. அந்தப் பெண்ணை வேலைக்கு வந்தவள் என்று நினைத்து வாட்ச்மேன் நேராக ஆபீசுக்கு அனுப்பிவிட்டானாம். அவள் பையனைப் பார்த்தாள், வேலையையும் பார்த்தாள். பையன் வேண்டாம், வேலை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு இப்போது பேக்கிங்கில் இருக்கிறாளாம். பிரமாதமான முடிவொன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்லி முடிக்க அவர் எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது, நான் எத்தனை டொக் வாங்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சீக்கிரம் போங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் அடுத்த கதையை ஆரம்பித்திருந்தார்.

கடைக்குப் போனால் முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தினமும் வண்டியில்தானே வருகிறாய், பஸ்ஸில் வந்தபோதுகூட இவ்வளவு லேட்டாக வந்ததில்லையே, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"பிரேக் ரொம்ப நல்லா இருக்குங்க," என்றேன்.